கேட் போட்ட நேரம்

நீடாமங்கலத்தில் கேட் போட்டுவிட்டால்
யாரும் யாரையும் விட்டு ஓட முடியாது.
முன்னால் மூட்டை அடுக்கிய நெல் லாரி,
பின்னால் மன்னார்குடி பஸ்,
நடுவில் என் ஸ்கூட்டி.
பக்கத்தில், கைப்பிடியில் டிபன் பை தொங்க,
சங்கச் செயலாளரின் வண்டி.
இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட
இருபது நிமிஷம் ஆகும் என்றார் வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்.
எனக்கு அது போதும்.

"சார், எரநூத்திப் பதினேழாம் பையில இருக்கறது
அமிர்தவல்லி சங்கிலி இல்ல."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
முகக் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டுக்கொண்டார்.

காலையில்தான் வந்திருந்தாள், பூவனூரிலிருந்து.
கொள்முதல் பணம் கணக்கில் ஏறியிருந்தது.
அசலும் வட்டியும் ஐந்நூறு ஐந்நூறாக எண்ணி வைத்துவிட்டு
அரக்கு உடைத்த பையைக் கவிழ்த்தாள்.
எடை சரி. நீளம் சரி. கொக்கியும் சரி.
கட்டைவிரலால் கண்ணி கண்ணியாகத் தடவிக்கொண்டே போனாள்,
அரிசியில் கல் பார்ப்பதுபோல.
"எம்பய பல்லு மொளைக்கறப்ப கடிச்ச தடம் ஒண்ணு
கொக்கிக்கு மூணாங் கண்ணியில இருக்கும்மா.
இதுல இல்லியே."
சத்தம் போடவில்லை அவள்.
என்னைப் பார்த்தாள்.
நான் எங்கோ மாற்றி வைத்துவிட்டேன்,
இப்போது எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்பதுபோல.

மதியம் நான் சாப்பிடவில்லை.
உரைகல்லோடு பெட்டக அறையில் உட்கார்ந்தேன்.
பத்தொன்பது பை.
இரண்டு தடவை சோப்புப் போட்டும்
கையில் பித்தளை வாசம்.

"இங்க வேணாம் மங்கை. நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம்."
"ஆபீஸ்ல உங்க நாற்காலி உசரம் சார்."

"திருப்பி வெச்சிடுவேன். அறுப்பு முடியட்டும்."
"உங்களுக்கு ஏது சார் நெலம்?"

லாரி மூட்டைமேல் படுத்திருந்த பையன் சிரித்தான்,
எங்களைப் பார்த்தல்ல, போனைப் பார்த்து.

பிறகு மெதுவாக, ஜாதகம் சொல்கிறவர்போல:
"பெட்டிக்கு ரெண்டு சாவிம்மா.
ஒத்தச் சாவிக்குத் தொறக்காது.
யோசிச்சுக்க."

யோசித்தேன்.
ஐப்பசியில் மகளுக்கு டெங்கு,
தஞ்சாவூர் மெடிக்கலில் பதினோரு நாள்.
தட்டணு எத்தனை என்பதைத் தவிர
வேறெந்த எண்ணும் தலையில் நிற்காத நாட்கள்.
சாவியைப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி,
இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். விதி.
நான் பழைய கவர் ஒன்றில் போட்டு
அவர் மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.
ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.
ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, கையில் திணித்த இரண்டாயிரம்.
அவர் முன்னால் அழுதேன், கூடப்பிறந்தவரிடம் அழுவதுபோல.
அந்த இரண்டாயிரம்
யார் சங்கிலியில் எத்தனை கண்ணி?

"எம்பேரு வந்தா உம்பேரும் சேர்ந்துதான் வரும்."
"மொதல் வரியிலயே எழுதப்போறேன் சார்.
சாவியக் குடுத்தது நான், தேதி இதுன்னு.
ரெண்டாவது வரிதான் உங்களுக்கு."

அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.
விபூதி வியர்வையில் கரைந்து புருவத்தில் நின்றது.
அவர் பயந்ததைப் பார்த்து எனக்கு நிம்மதி வரவில்லை.
என் முழங்காலும் ஆடிக்கொண்டுதான் இருந்தது,
வண்டி ஓடாமலே.

ரயில் போனது.
கேட் பாதி எழும்புவதற்குள் ஊரிலுள்ள ஹாரன் எல்லாம்.
அவர் வண்டியை உதைத்தார், மறுபடி உதைத்தார்,
கிளம்பவில்லை.
பஸ் டிரைவர் தலையை நீட்டித் திட்ட
நான் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தேன்.

வெண்ணாறு மணலாகக் கிடந்தது.
பாலத்தில் நிறுத்தி இணைப்பதிவாளர் அலுவலகத்துக்குப் போட்டேன்.
ஐந்தே முக்கால். யாரும் எடுக்கவில்லை.
கடன் மனுவில் இருந்த எண்ணைத் தேடி
அமிர்தவல்லிக்குப் போட்டேன்.
நடந்ததைச் சொன்னேன். சாவியையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"கெடைக்குமா?" என்றாள்.
"தெரியலக்கா."

அவள் போனை வைக்கவில்லை.
பின்னாலிருந்து
மீசை முளைத்த குரல் ஒன்று
யாரும்மா, யாரும்மா என்று கேட்டுக்கொண்டிருந்தது.